ஐந்தாம் பாடம்

கல்கத்தா பாலிகஞ்சில் அந்த மே மாதம் அடித்த வெயிலைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கரியாஹாட் மீன் கடையில் வாங்கிய ஐஸ் கட்டி வீடு வந்து சேர்வதற்குள் கொதித்துவிடும். ஒரு வீட்டில் அதிலேயே டீ போட்டார்கள்.

பாங்க் ஆபீசர் வைத்தியநாதனுக்கு வெயில் கவலையே இல்லை. மகள் சுபிக்ஷா பல்கலைக்கழகத்தில் பருவநிலை மாற்றம் படிக்கிறாள், அதுதான் கவலை. முதல் பாடத்தில் பனிமலை உருகியது. வீட்டில் ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். இரண்டாம் பாடத்தில் கடல் ஏறியது. அரிசி டப்பா பரணில் ஏறியது. மூன்றாவதில் சிரிப்பதை விட்டாள். நான்காவது முடிந்த அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். பரீட்சை வேண்டாமாம், சோறும் வேண்டாமாம்.

"எதுக்குப்பா? ஊரே இருக்கப் போறதில்லை."

ரசம் சாதத்தோடு உள்ளே போன அவள் அம்மா விஜயா அப்படியே திரும்பி வந்தாள். "கை எலும்பு தெரியறதுன்னா. ஏதாவது பண்ணுங்கோ."

வைத்தியநாதன் அவளுடைய பேராசிரியர் பட்டாபிராமன் வீட்டுக்கு ஓடினார்.

"நாலு பாடமா பயமுறுத்தினேளே சார், தப்பிக்க வழி ஒண்ணுமே இல்லையா?"

"அரே பாபா, இல்லாம என்ன? அஞ்சாம் பாடம் பூரா அதுதான்."

"அதை ஏன் நடத்தலை?"

"அது வர்றச்சே வெயிலுக்கு லீவு விட்டுடறாளே! வருஷா வருஷம் இதே கதை. பரீட்சைலயும் கேக்க மாட்டா."

வைத்தியநாதன் அவரைப் புத்தகத்தோடு டாக்சியில் ஏற்றினார்.

சுபிக்ஷாவின் கட்டிலருகே உட்கார்ந்து, ஒட்டிக் கிடந்த பக்கங்களைப் பிரித்து, முதல் வரியை வாசித்தார் பட்டாபிராமன்: சேதத்தைக் குறைக்க முடியும்.

சுவர்ப் பக்கமிருந்த முகம் திரும்பியது. "எவ்வளவு சார்?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றும் புரட்டினார். "அது எம்.எஸ்ஸி சிலபஸ்மா."

"உங்களுக்கே தெரியாதா?"

"இந்தப் பாடத்தை நான் முழுசாப் படிச்சதில்லை. நடத்தத் தேவைப்படலை."

சுபிக்ஷா கண்ணை மூடிக்கொண்டாள். வைத்தியநாதன் எழுந்துபோய் வாசற்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"எம்.எஸ்ஸியோ எதுவோ, இப்பவே படிச்சுச் சொல்லுங்கோ. அவ ஒரு வாய் சாப்பிடற வரைக்கும் கதவு திறக்காது."

"வைத்தியநாதன், இது அநியாயம்."

"ஆமா சார்," என்றார்.

கரண்ட் போயிற்று. பட்டாபிராமன் ஜன்னலோரம் நகர்ந்து இரண்டாவது வரியை வாசித்தார். சுபிக்ஷா கண் திறந்து அவர் வாயையே பார்த்தாள். விஜயா கிண்ணத்தை நீட்டினாள். வேண்டாமென்று தலை அசைந்தது.

"அடுத்த வரி, சார்," என்றார் வைத்தியநாதன்.