தபாலில் போன குப்பை

நான் கூட்டும் தெருவுக்கு ஒரு நாள் காலையில் என் கொழுந்தன் கையுறை மாட்டிக்கொண்டு வந்தான். நசுங்கிய பாட்டில் மூடி, கிழிந்த பஸ் டிக்கெட், அறுந்த செருப்பு வார் என்று பொறுக்கி, அட்டையில் ஒட்டி, நண்பர்களுக்குத் தபாலில் அனுப்புவானாம். அது கலையாம்.

"இதோட அழகு உங்க கண்ணுக்குத் தெரியாது அண்ணி," என்றான். பதினாறு வருஷமாக அதை அள்ளுகிற என்னிடம்!

அங்கேயே உட்கார்ந்து வெட்டி ஒட்டினான். மிச்சத்தை நடைபாதையிலேயே போட்டுவிட்டுப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனையையும் கூட்டி ஒரு உறையில் திணித்தேன். "உன் குப்பையை நீயே வச்சுக்கோ" என்று ஒரு சீட்டெழுதி உள்ளே வைத்து, அவன் விலாசத்துக்கே அனுப்பினேன்.

நான்காம் நாள் போன் செய்தான்.

"அண்ணி, என்ன ஒரு கோபம், என்ன ஒரு நேர்மை! சீட்டோட சேர்த்து பிரேம் போட்டு மாட்டிட்டேன். வர்றவங்க எல்லாம் யார் பண்ணதுன்னு கேக்குறாங்க."

"திட்டுனா கூட உனக்குப் புரியாதாடா?"

"அடுத்தது எப்ப அனுப்புவீங்க?"

எருமை மேல் மழை பெய்தால் அதுகூடக் காதை ஆட்டும். போனை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். கூட்ட வேண்டிய தெரு இன்னும் பாதி கிடந்தது.