எட்டுப் பேரில் எட்டாவது

ஆடி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்குள் நான் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டும். ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆவணிவரை மாப்பிள்ளை வீட்டாரைக் காக்க வைப்பது மரியாதை இல்லை என்பதும் அம்மாவின் சட்டம்தான்.

மாப்பிள்ளையின் பெயர் பிரவீணன். சாவகச்சேரிக்காரர், வவுனியாவில் பொறியியலாளர். சனி ஞாயிறுகளில்தான் வீட்டுக்கு வருவார். சாதகம் பொருந்திவிட்டது. படத்திலும் ஆள் பரவாயில்லை. மூன்று கிழமை போனில் கதைத்துப் பார்க்கட்டும் என்று இரண்டு வீட்டாரும் பெரிய மனது பண்ணி விட்டிருந்தார்கள்.

"உந்தக் கேம் விளையாடுற கதையை மட்டும் எடுத்துப்போடாதை, சாருஜா," என்று அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தா. "முப்பது வயசுப் பொம்பிளை போனிலை கார் ஓடி விளையாடுறாள் எண்டால் என்ன நினைப்பினம்?"

முதல் நாளே எடுத்துப்போட்டேன். ஒளித்து வைத்துக் கல்யாணம் பண்ண எனக்கு ஏலாது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து மற்றவர்களுடைய இரத்தத்தோடுதான் பிழைப்பு. ஒரு குழாயில் பெயர் மாறினால் ஒருவருக்கு இல்லாத நோய் வந்துவிடும், இன்னொருவருக்கு இருக்கிற வருத்தம் தெரியாமல் போய்விடும். எட்டு வருடத்தில் ஒரு குழாய்கூட நான் மாறவிட்டதில்லை. அதற்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். பின்னேரம் மருதனார்மடத்தில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்து, போனில் கார்ப் பந்தயத்தைத் திறந்தால் அதில் நான் விடாத பிழையே கிடையாது. எட்டுக் கார் ஓடும். நான் எட்டாவது. பாலத்தால் கடலுக்குள் விழுவேன். ஒருமுறை திசை மாறி ஓடி, முதலாவதாக வந்துகொண்டிருந்தவனோடு நேருக்கு நேர் மோதினேன். ஒருவரும் சாகவில்லை. மூன்று விநாடியில் கார் புதுசாக வந்து நின்றது. இதைவிட நல்ல மருந்து இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக் குடிக்கிறேன்.

"அட, நானும் உதுதான் விளையாடுறனான்!" என்றார் பிரவீணன். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கே போனில் கதைத்துக்கொண்டு சேர்ந்து ஓடினோம். அவர் முதலாவது. நான் வழக்கமான இடம்.

"பரவாயில்லை," என்றார். "நான் சொல்லித்தாறன்."

அங்கேதான் பிடித்தது சனி. அடுத்த நாளிலிருந்து பாடம் வரத் தொடங்கியது. வளைவுக்கு முதலே பிறேக் பிடிக்க வேண்டும், வளைவுக்குள் பிடிக்கக் கூடாது. பார்க்கச் சொல்லி வீடியோ அனுப்பினார். பார்த்தாச்சா என்று கேட்டும் அனுப்பினார். மனுசன் சொன்னது எல்லாம் சரி என்பதுதான் கொடுமை. நான் ஆறாவதாக வந்தேன், பிறகு ஐந்தாவதாக வந்தேன்.

"பாத்தீங்களோ, என்ன முன்னேற்றம்!" என்றார்.

ஐந்தாவதாக வந்த அன்று எனக்குத் தோள் நொந்தது. விளையாடும்போது பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆய்வுகூடத்தில் இருந்தது போலவே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, கூட வேலை செய்யும் ஸ்ரெல்லாவிடம் கொட்டினேன்.

"ஆள் நல்லவர்தானே," என்றாள் அவள். "சொல்லித்தாறது ஒரு குற்றமே?"

"இண்டைக்குக் கேம். நாளைக்கு என்ரை புட்டைத் திருத்துவார், நாளையிண்டைக்கு என்ரை சிரிப்பைத் திருத்துவார். சீவியம் முழுக்கச் சோதனை எழுத என்னாலை ஏலாது."

வீறாப்பாகத்தான் சொன்னேன். ஆனால் கவலையாக இருந்தது. அவருடைய குரல் எனக்குப் பிடித்திருந்தது. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருக்கப் பழகியிருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் அவர் போன் எடுத்தபோது நேரே சொன்னேன்: "இண்டைக்கு ஒண்டும் சொல்லித்தரக் கூடாது. சும்மா ஓடுவம். முடிய நான் ஒரு விசயம் சொல்லவேணும்."

ஏன் என்று கேட்காமலே "சரி" என்றார். நான் சொல்லப்போவது 'இல்லை' என்றுதான் என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் அதுவரை ஓடியிராத ஒரு பாதை வந்தது. நீண்ட தார் ரோட்டு, இரண்டு பக்கமும் காடு. அவருடைய நீலக் கார் எடுத்த எடுப்பிலேயே கண்ணுக்கு மறைந்தது. நான் இரண்டு மரத்தில் மோதி, மெதுவாக, ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவு தாண்டியதும் ரோட்டோரம் பெரிய மரத்தின் கீழே ஒரு கல் யானை உட்கார்ந்திருந்தது. என் விரல் பிறேக்கை அழுத்தியது. கார் ஓரமாகப் போய் நின்றது. ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பார்த்தால், எனக்கு முன்னால் இன்னொரு கார் நிற்கிறது. நீலக் கார்.

எனக்கு வந்ததே கோபம். "என்ன, எனக்காகவோ நிக்கிறியள்? விட்டுக்குடுக்கிறியளோ?"

"ஐயோ, இல்லை," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அந்த ஆனையைக் கண்டன். கை தானாப் பிறேக்கைப் பிடிச்சிட்டுது."

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் போய் வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வீதியோரம் இருக்கிற முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் எங்களுடைய வாகனம் ஒன்றும் போகாது. எவ்வளவு அவசரமென்றாலும் நின்று, இறங்கி, தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதான் மற்ற வேலை. பிரவீணன் கிழமைக்கு இரண்டு தரம் அந்த வழியால் போய் வருகிற ஆள்.

"சரி, நிண்டனீங்கள். மற்ற ஆறு காரும் போயிட்டுது. இன்னும் ஏன் நிக்கிறியள்?"

"கும்பிடாமல் எப்பிடி வெளிக்கிடுறது?" என்றார் மெதுவாக. "போனை மடியிலை வைச்சிட்டுக் கும்பிட்டனான்."

சிரிப்பை அடக்க நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நீங்கள் ஏன் நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"என்ரை கையும் தானாத்தான் பிடிச்சது," என்றேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். மூன்று கிழமையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவே இல்லை. மூச்சு வாங்கி, இருமி, பிறகும் சிரித்தார். காரை எடுத்தவர் சிரிப்போடு நேரே பள்ளத்துக்குள் இறக்கினார். நான் ஏழாவது, அவர் எட்டாவது.

"நான் ஒருநாளும் கடைசியா வந்ததில்லை," என்றார்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஏனெண்டுதான் விளங்கேல்லை." பிறகு அவருடைய குரல் இறங்கியது. "ஏதோ சொல்லவேணும் எண்டனீங்கள். எனக்குத் தெரியும். பிழையைக் கண்டால் திருத்தாமல் இருக்க எனக்கு ஏலாது. உங்களை நல்லா அறுத்துப்போட்டன்."

"நான் விளையாடுறதிலை பிழை ஒண்டும் இல்லை," என்றேன். "எனக்கு அப்பிடித்தான் விளையாட விருப்பம்."

"அப்ப இன்னொருக்கா ஓடுவமே?" என்றார். "நீங்கள் முன்னாலை போங்கோ. நீங்கள் போற பக்கம் நானும் வாறன்."

இந்த மனுசன் தோற்றால் எப்படி இருப்பார் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. மனது லேசாகி, எனக்கும் சிரிப்பு வந்தது.

பந்தயம் தொடங்கியது. ஆறு கார்களும் ரோட்டால் பறந்தன. நான் ரோட்டை விட்டுக் காட்டுக்குள் திருப்பினேன். நீலக் கார் ஒரு கேள்வியும் கேட்காமல் பின்னால் வந்தது.

அம்மா அறை வாசலில் வந்து நின்றா. "மாப்பிள்ளை வீட்டுக்காரர் இப்பவும் போன் எடுத்துக் கேட்டவை. நான் என்னத்தைச் சொல்ல, பிள்ளை?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ, அம்மா," என்றேன். போன் இணைப்பில் இருந்ததை மறந்துபோனேன்.

நீலக் கார் நேரே போய் ஒரு மரத்தில் மோதியது.