பெரியவர் கை

வயிற்றைத் திறப்பது நாங்கள், மூடுவது நாங்கள். நடுவில் இருப்பதெல்லாம் பெரியவருக்கு. புற்றுநோய் அறுவைச் சிகிச்சையில் மேற்பயிற்சி, ஃபெல்லோஷிப் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, நான் கண்டது அவ்வளவுதான். ஏற்கெனவே சர்ஜன் நான். குடல்வால், குடலிறக்கம் என்று வருஷக்கணக்கில் அறுத்தவள். இங்கே வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கியை இழுத்துக்கொண்டு நின்றேன். கத்தி கட்டியை நெருங்கியதும், "தள்ளிக்கோம்மா" என்பார் துறைத் தலைவரான பெரியவர். தள்ளிக்கொள்வேன். வேறென்ன செய்வது?

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒருநாள் துறைக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால் கேட்டேவிட்டேன்.

"சார், பாத்துக்கிட்டே நின்னா கை எப்ப பழகும்? பணம் கட்டறவங்க உங்களைத்தான் கேப்பாங்க, சரி. இலவச வார்டு கேஸையாவது முழுசா எங்ககிட்ட குடுங்க. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பண்றோம்."

இரண்டாவது ஆள் நெட்டை. என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்தவன், என்னைவிடச் சின்னவன், வாயில்லாப் பூச்சி. மேஜைக்கடியில் என் காலை மிதித்துப் பார்த்தான். நான் அடங்குகிறவளா?

பெரியவர் கோபப்படவில்லை. "நியாயம்தானே. எடுத்துக்குங்க. ரொம்பச் சிக்கலா இருக்கறதை மட்டும் நான் வெச்சுக்கறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நெட்டைக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பாத்தியா, கேட்டாத்தான் கிடைக்கும்" என்று அளந்தேன்.

அடுத்த மாதமே என் அண்ணன் அதே இலவச வார்டில் வந்து படுத்தான். பஸ் டிரைவர். மலக்குடலில் கட்டி, ரொம்பக் கீழே. கட்டியை எடுத்துவிட்டு மிச்சக் குடலைப் பதமாக இணைத்துவிட்டால் பழையபடி நடமாடலாம். இணைப்பு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் ஆயுசுக்கும் வயிற்றில் மலம் சேரும் பை தொங்கலாம்.

"பையைக் கட்டிக்கிட்டு நான் எப்படி வண்டி ஓட்டுவேன்? பயணிங்க என்னை இறக்கி விட்டுட்டுப் போயிடுவாங்க" என்று சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

"இவ இருக்கறப்ப உங்களுக்கு என்னங்க பயம்?" என்றாள் அண்ணி.

சொந்தக்காரர்களை நாங்களே அறுப்பதில்லை. அது அண்ணிக்கும் தெரியும். என் முகத்துக்காகப் பெரியவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினாள். நானும் அப்படித்தான் நம்பினேன், கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அறுவை அன்று காலை தியேட்டர் சிஸ்டர் சொன்னாள்: "முதல் டேபிள் உங்க அண்ணன். நெட்டை சார் முறை. ரெண்டாவது டேபிள் பெரிய சார் பண்றாரு."

நெட்டை கெட்டிக்காரன்தான். ஆனால் போன வாரம் அவன் போட்ட இணைப்பு கசிந்து ஒரு மனுஷன் இன்னும் தீவிர சிகிச்சையில் கிடக்கிறான். "முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்டா, விடு" என்று அவன் முதுகைத் தட்டியவளே நான்தான்!

கை கழுவிக்கொண்டிருந்த பெரியவரிடம் ஓடினேன். "சார், அண்ணனை நீங்களே பண்ணிடுங்க சார்."

"இலவச வார்டு உங்களுக்குன்னு நீதானேம்மா கேட்ட?"

"சார், அவன் என் அண்ணன் சார்."

"அங்க படுத்திருக்கற எல்லாரும் யாரோ ஒருத்தருக்கு அண்ணன்தான்" என்றார். குழாயை மூடவில்லை. "ரெண்டாவது டேபிள்ல இருக்கற பையனுக்குக் கட்டி இதைவிட மோசம், பக்கத்து ரத்தக்குழாயோட ஒட்டிக்கிட்டு இருக்கு. குடலும் அடைச்சிடுச்சு, நாளைக்குன்னு தள்ள முடியாது. நான் உங்க அண்ணன்கிட்ட போனா, அந்தப் பையனை நீதான் பண்ணணும். சரியா?"

அடுத்த குழாயடியில் நெட்டை நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும்.

"சரி சார்" என்றேன். யோசிக்கவே இல்லை.

நெட்டை கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அக்கா, அந்தப் பையனுக்கு நான் துணைக்கு வரவா? இல்ல, என் கை அதுக்கும் ஆகாதா?"

விறுவிறுவென்று வெளியே வந்தேன். இரண்டாவது மேஜைக்குப் போக வேண்டியவன் ஸ்டிரெச்சரில் கிடந்தான். மீசை அரும்பி ரொம்ப நாள் ஆகியிருக்காது. அவன் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும்.

"டாக்டரம்மா, என் தம்பிக்குப் பெரிய டாக்டர்தானே பண்றாரு? நேத்து வந்து அவரே பண்றேன்னு சொன்னாரு. அதைக் கேட்ட அப்புறம்தான் நாங்க சோறே தின்னோம்."

"ஆமாம்மா, அவருதான்" என்றேன்.

அவள் என் கையை விட்டாள். பையனை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.