சிப்பிக் காலத்து முதல் பஸ்

அலினாஃபே எழுந்து நின்று கேட்டதும் கூடத்தில் ஹீட்டர் இரைவது மட்டும்தான் கேட்டது.

"முதல் பஸ்ஸை நிறுத்தப் போறீங்க, சரி. நிறுத்தறதுக்கு முன்னாடி அதுல யாராவது ஏறிப் பாத்தீங்களா?"

இவ்வளவுதான் கேட்டாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. முன்வரிசையில் இருந்த நகராட்சிப் போக்குவரத்துப் பிரிவுத் தலைவர் நிஷிவாகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மேலதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தை நடத்தியவர் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்துவிட்டார். ஜனங்கள் வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு, அவளைக் கொஞ்சம் சுற்றி விலகியே வெளியே போனார்கள்.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போன் வந்தது. அவளுடைய ஆய்வுக்காக நகராட்சி ஒத்துக்கொண்டிருந்த பேட்டிகளைக் கொஞ்ச காலம் தள்ளி வைக்கிறார்களாம்.

அலினாஃபே மலாவிக்காரி. அங்கே ஏரிக்கரை மாவட்டம் ஒன்றில் அரசாங்க அலுவலர். பிள்ளைகள் இரண்டு பேரையும் புருஷனிடம் விட்டுவிட்டு, பொதுக்கொள்கை படிக்க உதவித்தொகையில் ஜப்பானுக்கு வந்தவள். ஆள் குறைந்துகொண்டே போகிற ஊர்களில் எந்த பஸ் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. அதற்காகக் குளிர்காலம் முழுக்கக் கமிசாகி ஊரின் மேட்டுக் கோடியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். விடியுமுன் முதல் பஸ் அங்கிருந்துதான் புறப்படும்.

அவளுடைய பேராசிரியர் ஹிராகா அவளைவிட வயதில் சின்னவர். அது இருவருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருந்தார்கள்.

"கூட்டம்னா என்னன்னு நெனச்சீங்க, அலினாஃபே சான்?"

"பேசறதுக்குத்தானே சார்?"

"இங்க பேசி முடிச்சப்புறம்தான் கூட்டம். அந்த நிஷிவாகி ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி, டீ குடிச்சு டீ குடிச்சு வயிறு வீங்கி, எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கிட்டு வந்து உக்காந்திருக்கார். நீங்க போய் மேலதிகாரி முன்னாடி அவர் பேன்ட்டை உருவிட்டீங்க."

சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல மரத்தடியில நாள் பூரா சண்டை போடுவோம் சார். அங்க வாயை மூடிட்டு இருந்துட்டு அப்புறமா வீடு வீடாப் போய்ப் பேசறவனைத்தான் சந்தேகப்படுவோம்."

"இங்க நேர் எதிர்."

"எல்லா வீட்டுக்கும் போனாரா?"

"ஊர்ச் சங்கத்துல இருக்கற எல்லா வீட்டுக்கும் போயிருப்பார். மனுஷன் அதுல கெட்டி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இருக்கிற வீட்டுக்கு அவர் போயிருக்கவே மாட்டார். அது வீடே இல்லை. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சிப்பிக் கம்பெனி கட்டிய தகரக் கொட்டகை. வியட்நாமிலிருந்து சிப்பி உடைத்துச் சதை எடுக்க வந்த பெண்கள் அதில் அடைந்து கிடந்தார்கள். அவர்கள் சங்கத்தில் இல்லை. சேரச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

மறுநாள் விடியுமுன் பஸ்ஸில் அந்தப் பெண்களில் ஒருத்தியான ஹான் அலினாஃபே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவருடைய ஜப்பானிய மொழியும் அரைகுறை. அதனாலேயே ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்கு நன்றாகப் புரிந்தது.

"அக்கா, உங்க பக்கத்துல உக்காந்தா நிம்மதி. எல்லாரும் உங்களைப் பாக்கறாங்க, எங்களை விட்டுடறாங்க."

"என்னைப் பாத்து என்ன செய்யப் போறாங்க? என் மேல சிப்பி நாத்தம்கூட இல்ல."

"இருங்க, என் தோள்ல சாய்ஞ்சா ஒட்டிக்கும்."

ஹானின் விரல்கள் கையுறைக்குள்ளேயே மடங்கிக் கிடந்தன. கத்தியைப் பிடித்துப் பிடித்து அவை நேராக நிமிர்வதை நிறுத்திவிட்டன. பஸ் நின்றுபோனால் சைக்கிளில் வாருங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். கொட்டகைக்கும் சிப்பி உடைக்கும் கூடத்துக்கும் நடுவே சுரங்கப்பாதை. அதில் நடக்கிறவனுக்கு ஓரமே கிடையாது. இருட்டில் லாரிகள் சுவரை உரசிக்கொண்டு போகும்.

"யாரும் ஏறலைன்னு எண்ணிப் பாத்துட்டாங்களாமே. நாங்க என்ன பேயா அக்கா?"

"எப்ப எண்ணினாங்கன்னு கூட்டத்துல குடுத்த தாள்ல போட்டிருந்தாங்க, ஹான். ஆகஸ்ட்ல."

ஹான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆகஸ்டில் உடைக்கச் சிப்பி ஏது? கோடை முழுக்க அந்தப் பெண்கள் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து, அடுத்த பருவத்துச் சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்வதற்காக ஓடுகளைக் கம்பியில் கோப்பார்கள். பஸ் பக்கமே போவதில்லை.

அலினாஃபே அன்று மதியம் ஒரு பெட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். ஆகஸ்ட் சமாசாரத்தை நாக்கு நுனியில் வைத்திருந்தாள். சொல்லவில்லை. முதலில் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நிஷிவாகி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டது தப்புன்னு நான் சொல்லல."

"எல்லார் முன்னாடியும் கேட்டேன்."

"ம்."

"நான் தினம் முதல் பஸ்லதான் போறேன். ஒருநாள் நீங்களும் வந்தா, பேச்சுத்துணையா இருக்கும்."

"பாக்கலாம்" என்றார்.

அதற்கடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கும் அடுத்த நாளும் இல்லை. இனி அந்த ஆளை நம்பிப் புண்ணியம் இல்லை, ஆய்வேட்டுக்கு வேறு ஊரைத் தேட வேண்டியதுதான் என்று அவள் நினைத்த பிறகு, ஒரு காலை, அலுவலக மேல்சட்டை இல்லாமல், முகக்கவசமும் கம்பளித் தொப்பியுமாக யாரோபோல் வந்து கடைசி இருக்கையில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட நிறுத்தத்தில் ரப்பர் பூட்ஸ்கள் ஏறின. ஏறின, ஏறிக்கொண்டே இருந்தன. உட்கார்ந்த பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தியாகத் தூங்கிப்போனார்கள். மற்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண்ணை மூடினார்கள். நிஷிவாகி எழுந்து தன் இடத்தைக் காட்டினார். யாரும் உட்காரவில்லை. அவரும் மறுபடி உட்காரவில்லை. காலி இருக்கை ஒன்று கடைசிவரை அப்படியே குலுங்கிக்கொண்டு வந்தது.



மார்ச் கடைசியில் இரண்டாவது கூட்டம். சிப்பிக் காலத்தில் முதல் பஸ் தொடர்ந்து ஓடும், அதற்குப் பதிலாகச் சாயங்காலத்துக் கடைசி பஸ் நிறுத்தப்படும் என்று வாசித்தார்கள். கேள்வி உண்டா என்றார்கள். டீயில் ஆவி அடங்குவதற்குள் கூட்டம் முடியப்போகிறது. கடைசி பஸ்! ஓவர்டைம் நாளில் அந்தப் பெண்களுக்கு அதுதான் துணை. தரையில் மடக்கி உட்கார்ந்திருந்த அலினாஃபேயின் முழங்கால் தானாக எழுந்தது. நிஷிவாகி அவளைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை. காத்திருந்தார்.

அவள் முழங்காலைக் கீழே வைத்தாள்.

அன்று அறைக்குத் திரும்பும் ஏற்றத்தில் அவளுக்கு ஊர் மரத்தடி நினைவுக்கு வந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் பருவத்துக்கு மீன் பிடிக்க வந்து கரையில் குடிசை போட்டவர்கள் நிழலுக்கு வெளியே, வெயிலில்தான் நிற்பார்கள். அவர்கள் பேசி அவள் கேட்டதில்லை. சத்தம் போடுகிற ஊருக்கும் ஒரு விளிம்பு இருக்கிறது, சத்தமே போடாத ஊருக்கும் இருக்கிறது. ஆய்வேட்டில் இதை எந்த அத்தியாயத்தில் வைப்பது என்று யோசித்தபடி நடந்தாள். மூச்சு வாங்கியது.

காலையில் பஸ்ஸில் ஹானிடம் சொன்னாள்.

"முதல் பஸ் இருக்கு. சாயங்காலம் கடைசி பஸ் போச்சு."

ஹான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எங்களுக்காகக் கூட்டத்துல யாரு பேசினாங்க?"

"யாரும் பேசல."

"நீங்க?"

"நானும் பேசல."

"ஏன் அக்கா?" சுருக்கென்று திரும்பினாள்.

"அங்க பேசினா இதுவும் போயிடும். இங்க பேசற எடம் வேற. அடுத்த கூட்டம் ஜூன்ல. அதுக்குள்ள ஒவ்வொரு வீட்டு வாசலா ஏறணும், டீ குடிக்கணும்."

"நீங்க எத்தனை டீ குடிப்பீங்க? பட்டம் வாங்கினா ஊருக்குப் போயிடுவீங்க. இங்க கிடக்கறது நாங்க." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி, "நானும் வரேன்" என்றாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை?"

"ஞாயிறு துணி துவைக்கணும். சரி, வரேன்." கையுறையைக் கழற்றி விரல்களை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இது எத்தனை சோப்பு போட்டாலும் போகாது அக்கா. வீட்டுக்குள்ள விடுவாங்களா?"

"அவங்க சாப்பிடறதும் அதே சிப்பிதானே" என்றாள் அலினாஃபே.

பஸ் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தது. எதிரே வந்த லாரி ஒன்று சுவரை ஒட்டி ஒதுங்கி வழிவிட்டது.