இடது கையில் இருந்த பெயர்

குழந்தைவேல் தன் இடது கையிலிருந்த பெயரைத் திங்கட்கிழமை மறைத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் பெயருக்கு உரியவள் அதைக் கேட்டு வந்துவிட்டாள். இப்படி வருவது வழக்கம்தான். ஆனால் ஒரு வாரமாவது ஆகும் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ராசிபுரம் சாலையில் ஓர் எடை மேடையில் அவனுக்கு வேலை. லாரிகள் இரும்புத் தளத்தில் ஏறி நிற்கும். அவன் சின்ன அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பான். அன்று தளத்தின் நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். திரை பூஜ்யம் காட்டியது. அவன் வெளியே வந்து பார்த்தான். அவனுடைய முன்னாள் மனைவி. பிரிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

"இறங்கு. பின்னால லாரி நிக்குது," என்றான்.

அவள் இறங்கவில்லை.

"என் பேரைக் குடுங்க," என்றாள்.

"எந்தப் பேரு?"

"அதத்தான் கேக்கறேன்."

அவன் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தான். வாய் திறந்தது. நாக்கு பாதி தூரம் போய் நின்றுவிட்டது. மூன்று எழுத்து என்பது மட்டும் தெரிந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

கல்யாணமான வருடம் பழனித் தைப்பூசக் கூட்டத்தில் அந்தப் பெயரை அவன் பச்சை குத்திக்கொண்டான். பேட்டரியில் ஓடும் ஊசியோடு ஓர் ஆள் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். எழுத்துகள் வீங்கி, தடித்து, அப்படியே நின்றுவிட்டன. பிரிந்த பிறகும் அவை இருந்தன. போன மாதம் ரேணுகாவோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரேணுகா ஒரு முட்டைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். கைப் பெயரை எடுக்கச் சொல்லி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கையைப் பார்த்தபடி, "புதுசா ஆரம்பிக்கிறோம், இல்லீங்களா," என்று மட்டும் கேட்டாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் மார்ட்டின் டாட்டூ போடுகிறான். அவனுடைய ஆல்பத்தில் 'புது வாழ்க்கை' என்று நாற்பது பக்கம் இருந்தது. கூண்டை விட்டுப் பறக்கும் குருவி, பட்டாம்பூச்சி, தாமரை, முளைவிட்ட விதை. இரண்டு மலைக்கு நடுவே சூரியன் எழும்பும் படத்தைக் குழந்தைவேல் தேர்ந்தெடுத்தான். மூன்று எழுத்தை மறைக்கும் அளவுக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

தளத்தில் நின்றபடியே முன்னாள் மனைவி நடந்ததைச் சொன்னாள். திருச்செங்கோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் செவிலி. அங்கே எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவதால் திங்கட்கிழமை சாயங்காலம் வரை ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணிக்கு அவளுடைய அம்மா போன் செய்தார். "நான் அம்மா பேசறேன்," என்றார். பிறகு சத்தமே இல்லை.

"என்னம்மான்னு கேட்டேன். உன்னைக் கூப்பிடணும், வரமாட்டேங்குதுன்னாங்க. பத்து நிமிஷம் அழுதாங்க. அப்புறந்தான் பேட்ஜைப் பாத்தேன். போட்டோ மட்டும் இருக்குது."

"வேற பேரு வச்சுக்க முடியாதா?"

"ஹெட் சிஸ்டர் செல்வின்னு வச்சுக்கச் சொன்னாங்க. நைட்டு டிபன் வர்றதுக்குள்ள அதுவும் விழுந்துருச்சு."

குழந்தைவேல் தன் கையைப் பார்த்தான். பிளாஸ்டிக் உறைக்கு அடியில் சூரியன் பளபளப்பாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்," என்றான்.

"தெரியும். நல்லா இருங்க. பேரைக் குடுத்துட்டு நல்லா இருங்க."

இருவரும் டவுன் பஸ்ஸில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அலுவலகத்தில் ஒரே ஒரு நடைபாதை. பெயர்ப் பிரிவு மூன்றாவது கதவு என்று வாசலில் எழுதியிருந்தது. மூன்றாவது கதவுக்கு அவர்கள் போனபோது பெயர்ப் பிரிவு ஏழாவது கதவுக்குப் போயிருந்தது. ஏழாவதை எட்டியபோது அது பன்னிரண்டில் இருந்தது. அங்கேதான் அதைப் பிடித்தார்கள். அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது.

வெளியே நீளமான பெஞ்சில் பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஓர் ஆண் நின்றிருந்தான். ஆண்களின் கைகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை. உள்ளே குருவிகள், ஒரு தாமரை, ஒரு பாய்மரப் படகு. ஒருவனுக்குக் கழுத்தில் இருந்தது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பெண்கள் ஒரு பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். "இந்தாங்க," என்று சொல்லியே கை மாற்றினார்கள். அவளுக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

உள்ளே எழுத்தர் நாகரத்தினம் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் அவருடைய பெயர்ப் பலகை இருந்தது. யாராவது எதிரில் வந்தால் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொள்வார்.

"பேரு?"

"அதுதாங்க இல்ல," என்றாள்.

"பேரு இல்லாம மனு எழுத முடியாதும்மா."

"பேரு இல்லைன்னுதான் மனுவே."

"அதுக்கு வேற படிவம். அதுலயும் முதல் கட்டம் பேருதான்."

நாகரத்தினம் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினார். பிறந்த தேதி இருந்தது. தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு எல்லாம் இருந்தன. ஒரு கட்டம் மட்டும் துடைத்தாற்போல வெள்ளையாக இருந்தது. அவர் குழந்தைவேலின் கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"அசல் இங்கதான் இருந்திருக்குது. பதிவேட்டுல இருந்தது நகல். அசலை அழிச்சா நகல் நிக்காது."

"எங்கம்மா வச்ச பேருங்க அது," என்றாள் அவள்.

"அவங்க வச்சாங்க. இவரு எழுதிட்டாரு. எழுதறப்ப உங்களைக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"உங்களுக்கு வலிக்குமேன்னு சொன்னேன்."

நாகரத்தினம் அதை எழுதிக்கொண்டார். "இது சம்மதம்," என்றார்.

"நான் நல்லதுக்குத்தாங்க எழுதினேன்," என்றான் குழந்தைவேல்.

"எல்லாரும் அப்படித்தான். எழுத்து என்னன்னு தெரிஞ்சா மறுபடி எழுதிக்கலாம். கையில எழுதணும். யாரோட கைன்னு விதியில இல்ல. அடுத்தவங்க வரலாம்."

நடைபாதையில் திரும்பி வரும்போது ரேணுகா போன் செய்தாள்.

"காயம் ஆறுதுங்களா?"

"ஆறுது."

"எங்க இருக்கீங்க?"

"நகராட்சி ஆபீஸ்ல. ஒரு பேரு விஷயமா."

"கல்யாணத்தைப் பதிவு பண்றதுக்குத்தானே? நல்லது," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மார்ட்டின் கடையில் வேறு ஆள் இல்லை. மார்ட்டின் தன் செல்போனில் திங்கட்கிழமை எடுத்த போட்டோவைக் காட்டினான். சூரியன் போடுவதற்கு முந்தைய கை. அதில் எழுத்து எதுவும் இல்லை. வெறும் கை.

"வெறும் கையிலதான் போட்டேன் போல. ஆனா கை மேடா இருந்துச்சுண்ணா. ஊசி மூணு இடத்துல தடுக்கிச்சு," என்றான் மார்ட்டின்.

அவள் சோப்புப் போட்டுக் கைகழுவி வந்தாள். நாற்காலியை இழுத்துக் குழந்தைவேல் எதிரே உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தாள். தினமும் நரம்பைத் தடவிக் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு இடது மலையின் அடியிலிருந்து தடவ ஆரம்பித்தாள். ஆறு வருடத்தில் அவள் அவனைத் தொடுவது அதுதான் முதல்முறை. அவனுக்குக் கை எரிந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கடைசியா என்னைப் பேரு சொல்லி எப்பக் கூப்பிட்டீங்க?" என்றாள். விரல் நிற்கவில்லை.

அவன் யோசித்தான். "எங்கம்மா தவறினப்ப."

"அப்ப 'இங்க வா'ன்னீங்க."

"அந்தத் தீபாவளிக்கு?"

"'ஏய்'னீங்க. கையில எழுதியாச்சு, வாயில எதுக்குன்னு விட்டுட்டீங்க. கொஞ்சம் வலது பக்கம் திருப்புங்க."

அவன் திருப்பினான். அவள் சொன்னது சரிதானா என்று ஒவ்வொரு வருடமாகத் தேடிப் பார்த்தான். ஐந்து வருடக் குடும்பத்தில் முதல் வருடம் மட்டும் அவன் அவளை நிறையக் கூப்பிட்டிருந்தான். வாசலிலிருந்து, மாடியிலிருந்து, குளியலறையிலிருந்து. மற்ற வருடங்களில் அவன் ஏதோ சத்தம் எழுப்ப, அவள் வந்து நின்றிருக்கிறாள்.

சூரியனுக்கு நேர் கீழே அவள் விரல் வெகுநேரம் நின்றது. மறுபடி பின்னால் போய் வந்தது. மார்ட்டின் மின்விசிறியை நிறுத்தினான்.

"ஒரு தாள் குடு தம்பி," என்றாள்.

எழுதினாள். எழுதியதைக் கையால் மறைத்து மார்ட்டினிடம் கொடுத்தாள். அவன் வாய்க்குள் படித்துவிட்டுத் தலையாட்டினான்.

குழந்தைவேல் தன் வலது கையை நீட்டினான். வெள்ளிக்கிழமைக் கல்யாணம் நினைவுக்கு வந்தும் நீட்டினான். அதை நீட்டுவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். "வேண்டாங்க," என்றாள். தன் இடது மணிக்கட்டைத் திருப்பி மார்ட்டின் முன்னால் வைத்தாள்.

"படம் ஏதாவது சேக்கணுமாக்கா? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நாப்பது பக்கம் இருக்கு."

"எழுத்து மட்டும் போதும்."

ஊசி ஓடியது. குழந்தைவேல் எட்டிப் பார்த்தான். அவன் கண்ணுக்குச் சிவந்து வீங்கிய தோல்தான் தெரிந்தது. மை எங்கேயோ போய்க்கொண்டே இருந்தது.

"வலிக்குதா?" என்றான்.

"வலிக்குது," என்றாள் அவள்.

மூன்றாவது எழுத்து முடிந்து மார்ட்டின் துடைத்தபோது அவள் போன் அடித்தது. ஒரு கை சும்மா இல்லாததால் அவள் அதை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அம்மாவின் மூச்சு கேட்டது. பிறகு அம்மா கூப்பிட்டார். அந்த இடத்தில் குழந்தைவேலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அறையின் ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல இருந்தது. மார்ட்டின் முகம் மலர்ந்தான்.

"ஆமாம்மா. நாந்தான்," என்றாள் அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மா மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் ஒவ்வொரு தடவையும் "ம்," என்றாள். ஏழெட்டுத் தடவை சொன்னாள்.

பிறகு பையை எடுத்துக்கொண்டாள். வழக்கமாக அவள் போய்ட்டு வரேன் என்று சொல்கிறவள்.

"போறேங்க," என்றாள்.

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"நல்ல பேருண்ணா. எங்க அத்தைக்கும் அதான்," என்றான் மார்ட்டின்.

"என்ன பேரு?"

மார்ட்டின் சொன்னான். உதடு அசைந்தது. குழந்தைவேல் இன்னொரு தடவை கேட்டான். காது கேளாதவருக்குச் சொல்வதுபோல மார்ட்டின் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். உதடு குவிந்தது. மூடித் திறந்தது. பிறகு பல் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் குழந்தைவேலுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உதட்டைக் குவித்தான். மூடித் திறந்தான். பல்லைக் காட்டினான். சத்தம் வரவில்லை. மறுபடி செய்தான். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். எடை மேடை நிறுத்தம் வந்து போய்விட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். ரேணுகா ஹலோ என்றாள். அவன் உதடு குவிந்தது. மூடித் திறந்தது.

"பேசறீங்களா? ஒண்ணுமே கேக்கலீங்க," என்றாள் ரேணுகா.

அவன் மறுபடி சொன்னான்.

"பரவால்ல, அப்படியே பேசிட்டு இருங்க. நான் வைக்கல," என்றாள் அவள்.