பில்லியர்ட்ஸ் குச்சிக்கு வள்ளத்து எண்ணெய்

துபாயில் சொல்லிச் செய்வித்த பில்லியர்ட்ஸ் குச்சியில் விரிசல் விழுந்ததும், டிஜோ அதைத் தாய்மாமன் மரியஜானிடம் கொண்டுவந்தான். மரியஜான் மீன்பிடி வள்ளம் கட்டுகிற ஓடாவி. ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் போட்டியில் ஜெயித்தால் டிஜோ சென்னைக்கு ஆடப் போகலாம்.

மரியஜான் விரிசலுக்குள் பசை ஏற்றி இறுக்கிக் கட்டினார். அவன் கேட்டபடி அடிப்பக்கத்தைக் கொஞ்சம் அறுத்துக் குறைத்தார். எண்ணெய் போடாமல் மரத்தை வெளியே விட்டு அவருக்குப் பழக்கமில்லை. வள்ளத்துக்குப் பூசுகிற முந்திரித்தோட்டு எண்ணெயைத் துணியில் தோய்த்து நுனிவரை தேய்த்துவிட்டார்.

ஞாயிறு காலையில் வந்த டிஜோ குச்சியை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்தான். பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நின்றது.

"இதுக்கு எதுக்கு மாமா எண்ணெய போட்டிய? கையில வழுக்கிப் போகண்டாமா?"

"உப்புத்தண்ணி ஏறாது மக்கா."

"நான் என்ன, சாளை பிடிக்கவா போறேன்?"

மரியஜான் கண்ணாடிச் சில்லை எடுத்துச் சுரண்டினார். எண்ணெய் உள்ளே இறங்கியிருந்ததால் மரமும் சேர்ந்து உரிந்தது. குச்சி வழுக்கியது, ஆனால் மெலிந்துவிட்டது.

"நீயுந்தான் துபாய்ல மெலிஞ்சு வந்தே. போலே, போய் ஆடு."

சாயங்காலம் போன் வந்தது. "தோத்துட்டேன் மாமா. அடிச்சா குச்சி வளையுது."

"ஒட்டுன எடம் விட்டுதா?"

"இல்ல."

"அப்போ வேலை சரிதான்" என்றார் மரியஜான்.