டவர் கிடைக்கும் வளைவு

மூட்டைக்குத்தான் முதலில் பெல்ட் போட்டார்கள். எஸ்டேட் ஸ்டோரில் வேலை செய்யும் அழகுமலை தோளில் சுமந்துவந்து முன் சீட்டில் இறக்கிய ஏலக்காய் மூட்டை, கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுச் சாய்ந்திருக்கும் பெரிய மனிதரைப் போல ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தது. சாதிக் சாவியைத் திருகியதும் கார் கத்த ஆரம்பித்தது. ஆள் உட்கார்ந்தால் என்ன, மூட்டை உட்கார்ந்தால் என்ன, காருக்குக் கனம்தான் தெரியும். பெல்ட்டைப் போடும்வரை அது ஓயாது. அழகுமலை உள்ளே குனிந்து பெல்ட்டை இழுத்து மூட்டையின் குறுக்கே விட்டு மாட்டினார். சத்தம் நின்றது.

பின்னால் டிக்கியில் போட்டிருக்கலாம்தான். ஆனால் போன வாரம் அங்கே ஒரு டீசல் கேன் கவிழ்ந்திருந்தது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை. ஏலக்காய் பக்கத்தில் என்ன வாடை இருந்தாலும் வாங்கிவைத்துக்கொள்ளும். போடியில் ஏல வியாபாரம் செய்கிற வீடுகளில் கருவாடு பொரிப்பதென்றால்கூட மூட்டைகள் இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சட்டியை அடுப்பில் வைப்பார்கள். சாதிக்கும் அந்த வளர்ப்புதான். சரக்கு வாங்கிவரும் நாளில் அத்தர்கூடப் பூசமாட்டான்.

"மூட்ட ஆடாது பாய்," என்றார் அழகுமலை. "பாப்பாவத்தான் யாராச்சும் கட்டிப்போடணும்."

சாதிக் சிரித்தான். பின் சீட்டில் அவன் மகள் ஷம்னா ஏற்கனவே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. உட்காருவது என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும் செய்யவேண்டிய காரியம் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, காரில் ஏறியதும் இரண்டு முன் சீட்டுகளுக்கும் இடையில் வந்து நின்றுவிடுவாள். பின் சீட்டுக்கும் பெல்ட்டுகள் இருக்கத்தான் செய்தன. கார் வாங்கிய வாரமே தேனியில் கொடுத்துத் தைத்துப் போட்ட சீட் கவருக்கு அடியில் அவை போய்விட்டன. அதன்பிறகு அவற்றை யாரும் தேடவில்லை.

பனி மாதிரி மஞ்சு இறங்குகிறது, காட்டுபோத்து மாடுகள் கூட்டமாக வந்து போகின்றன, பார்த்துப் போங்கள் என்று அழகுமலை இரண்டு முறை சொன்னார். சாதிக் இரண்டு முறையும் தலையை ஆட்டினான். அவன் கண் போனில் இருந்தது.

அன்று ஏலக்காய் ஏலம். கீழே போடி ஏலக் கூடத்தில் அவன் மனைவியின் தம்பி சல்மான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். கெட்டிக்காரப் பையன்தான், ஆனால் சொந்தமாக ஒரு முடிவெடுக்கச் சொன்னால் வியர்த்துவிடும். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட் சரக்கும் திரையில் நிற்பது கண் மூடித் திறக்கும் நேரம். அதற்குள் அவன் மச்சானுக்குப் போன் போட்டு விலையை ஏற்றவா விடவா என்று கேட்கவேண்டும், மச்சான் பதில் சொல்லவேண்டும். ஏலம் இருக்கிற அன்று பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம் என்று மனைவி பர்சானா காலையிலேயே சொன்னாள். ஏலத்தன்று சாதிக் பாதி ஆள்தான் என்பது அவள் கணிப்பு. அவளுக்குக் கம்பத்தில் ஒரு மௌத்து, துக்க வீட்டுக்குப் போகவேண்டி இருந்தது. ஷம்னாவோ மலைக்குப் போவேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பாதி ஆளோடு பிள்ளை கிளம்பியது.

போடிமெட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் சல்மானின் குரல் அறுந்துபோனது. அதில் சாதிக்குக்குக் கவலை இல்லை. பதினைந்து வருடமாக ஏறி இறங்குகிற ரோடு. வேறு ஊர்க்காரர்கள் இந்த மலையை வளைவுகளால் அறிவார்கள். போடி ஏல வியாபாரிகள் டவரால் அறிவார்கள். மேலே பாறை மறைக்கிற தூரம்வரை எதுவும் கிடைக்காது. அருவி தெரிகிற வளைவில் போனில் ஒரு கோடு வரும், வந்ததும் போய்விடும். அதற்கும் கீழே, ரோடு பள்ளத்தாக்கின் பக்கம் மூக்கை நீட்டித் திரும்புகிற வளைவில்தான் சமவெளி முழுக்கத் திறந்து, நாலு கோடும் நிறைந்து நிற்கும். அந்த வளைவில் ஒதுங்கி நின்று வியாபாரம் பேசாதவன் போடியில் ஏல வியாபாரியே இல்லை. நேரமில்லாதவர்கள் நிற்காமல் பேசுவார்கள். சாதிக் இந்த இரண்டாவது ஜாதி. டவர் வரும் இடத்துக்கு வெரசாகப் போய்ச் சேர்வதற்காகவே அதற்கு முந்தின வளைவுகளைக் கொஞ்சம் அழுத்தி ஓட்டுவான். கை தானாகத் திருப்பும், கால் தானாக மிதிக்கும், கண் மட்டும் போனுக்கு. இதில் அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

ஷம்னா மூட்டையோடு பேசிக்கொண்டு வந்தாள். அதற்கு மூட்டை மாமா என்று பெயர் வைத்தாகிவிட்டது. மூட்டை மாமாவுக்கு மலை இறங்கினால் தலைசுற்றுமாம். வாந்தி வந்தால் சொல்லணும் என்று அதனிடம் கண்டிப்பாகச் சொன்னாள். பிறகு மூட்டையின் குறுக்கே கிடந்த பெல்ட்டுக்குள் தன் இடது கையை முழங்கைவரை நுழைத்து, கன்னத்தைச் சாக்கில் வைத்துக்கொண்டாள்.

"அத்தா, மாமா பயப்படுறாரு. நான் பிடிச்சுக்கிட்டேன்."

"ம்," என்றான் சாதிக்.

அருவி வளைவில் மஞ்சு ரோட்டின் மேல் கிடந்தது. வைப்பரைப் போட்டான். ஒரு கோடு வந்து போனது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. அடுத்தது அந்த வளைவு. சல்மான் இந்நேரம் பெரிய லாட்டுக்கு வந்திருப்பான், இந்த சீசனில் வந்த நல்ல பச்சைக்காய் அது, அதை விட்டால் வேறு யாரோ அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வளைவின் தொடக்கத்திலேயே போன் அடித்தது. மடியில் இருந்ததை எடுத்துத் திரையைத் தேய்த்தான். சல்மானின் குரல் கூடத்தின் இரைச்சலோடு காருக்குள் வந்து விழுந்தது.

"மச்சான், அந்த லாட்டு வந்துருச்சு. ஏத்தவா, விடவா?"

எவ்வளவு போகிறது என்று சாதிக் திரையைப் பார்த்தான். சல்மான் அனுப்பியிருந்த படம் பாதி திறந்து சுற்றிக்கொண்டிருந்தது.

"அத்தா," என்றாள் ஷம்னா. "மலை நகருது."

"ம்."

"அத்தா, மலை நடந்து வருதுத்தா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சும்மா இரு என்றிருப்பான். பிறகு பல நாள் அவன் யோசித்தது இதைத்தான். அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது. பள்ளிவாசலுக்குள் போகும்போது பேசுகிற குரல். அந்தக் குரலுக்காகத்தான் அவன் தலையைத் தூக்கினான்.

கண்ணாடிக்கு முன்னால் ரோடு இல்லை. ரோடு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ நின்றது, மேலே போய்க்கொண்டே இருந்தது. சாதிக் பிரேக்கில் ஏறி நின்றான். கிளட்ச்சை மறந்தான். டயர்கள் ஈர ரோட்டில் வழுக்கின, கார் ஒருபக்கமாகத் திரும்பிக் குலுங்கி அணைந்தது. அந்தக் குலுக்கலில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உடம்பு காற்றில் எழும்பியதை அவன் பார்த்தான். பார்க்க மட்டும்தான் முடிந்தது. கை ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. ஏதோ ஒன்று கண்ணாடியில் பட்டென்று அடித்தது.

பிறகு சத்தமே இல்லை.

ஷம்னா மூட்டையின் மேல் கிடந்தாள். கால்கள் கியர் கம்பிக்கு மேலே தொங்கின. இறுகிப்போன பெல்ட்டுக்குள் அவள் இடது கை முழங்கைவரை மாட்டியிருந்தது. முகம் சாக்கில் புதைந்திருந்தது. சாதிக் கூப்பிட வாயெடுத்தான். அவள் பெயர் என்ன என்பதே ஒரு கணம் மறந்துபோனது.

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். கண்கள் திறந்திருந்தன. அத்தாவைப் பார்க்கவில்லை, முன்னால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "பேசாதீங்கத்தா," என்று சொன்னாள்.

காட்டுமாடு. பானெட்டுக்கு ஒரு முழ தூரத்தில் குறுக்கே நின்றது. சாதிக் அவற்றை எத்தனையோ முறை தூரத்துப் புல்வெளிகளில் புள்ளிகளாகப் பார்த்திருக்கிறான், போனில் படம் எடுத்திருக்கிறான். இவ்வளவு பக்கத்தில் அது விலங்காகவே தெரியவில்லை. தோளும் திமிலும் சேர்ந்து காரின் கூரைக்கு மேலே போய் மஞ்சில் முடிந்தன. கறுத்த தோலில் ஈரம் மினுங்கியது. முழங்காலுக்குக் கீழே நாலு கால்களும் வெள்ளை. இத்தனை பெரிய உடம்புக்கு இவ்வளவு சுத்தமான கால்களா என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது. அது தலையை மட்டும் திருப்பிக் காருக்குள் பார்த்தது. கோபமாகப் பார்க்கவில்லை. அவனை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. மூச்சு விட்டபோது கண்ணாடியின் வெளிப்பக்கம் வெளுத்தது.

அதன் பின்னால் மற்றவை பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, ஓசையே இல்லாமல், மஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்து மஞ்சுக்குள்ளேயே போயின. கடைசியாக ஒரு தாயும் செம்பழுப்பில் ஒரு கன்றும் வந்தன. கன்று ரோட்டுக்கு நடுவில் வந்ததும் காரின் விளக்கைப் பார்த்து நின்றுவிட்டது. தாய் சுற்றி வந்து கன்றுக்கும் காருக்கும் நடுவில் தன் உடம்பை வைத்தது. அப்புறம் அதுவும் அசையவில்லை.

சாதிக் கையை நீட்டி விளக்கை அணைத்தான். பின்னால் எஸ்டேட் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பு ஒன்று தூரத்திலேயே நின்றுவிட்டது. மலை இறங்கும்வரை வாய் ஓயாத அந்த ஜீப்பிலிருந்தும் ஒரு சத்தம் வரவில்லை. கீழே, அவன் காலடியில் எங்கோ விழுந்து கிடந்த போன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மச்சான், மச்சான், சொல்லுங்க மச்சான், ஏத்தவா, விடவா. பிறகு, போச்சு மச்சான் என்று சொல்லிவிட்டு அதுவும் அடங்கியது.

தாயும் கன்றும் பாறைப் பக்கம் ஏறிப் போன பிறகுதான் குறுக்கே நின்ற பெரியது நகர்ந்தது. அது நகர்ந்ததும் ரோடு திரும்பி வந்தது. ரோட்டுக்கு அப்பால் நாலு கல் தூண்கள் இருந்தன, ஒன்று உடைந்திருந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. அதற்கு அடியில் எங்கோ போடி இருந்தது.

சாதிக் பிள்ளையைப் பெல்ட்டிலிருந்து விடுவித்துத் தன் மடிக்கு இழுத்தான். தலையைத் தடவினான், பல்லைத் தடவினான், விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். இடது கையில் முழங்கைக்குக் கீழே பட்டையாகச் சிவந்திருந்தது. அவ்வளவுதான். அந்தச் சிவப்பு ஒன்றுதான். அவள் தலைமுடி, கழுத்து, மூச்சு எல்லாம் ஏலக்காய் மணத்தது. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் கையில் வாங்கியபோதுகூட அவளை அவன் இவ்வளவு ஆச்சரியமாகப் பார்த்ததில்லை. இத்தனை எலும்பும் அதனதன் இடத்தில் இருந்தது. தன் கையால் அவளுக்கு எந்தக் காவலும் கிடைக்கவில்லை என்பதும், சரக்குக்குப் போட்ட பெல்ட்டில் அவள் விளையாட்டாகக் கை விட்டதால் மிஞ்சினாள் என்பதும் அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.

அத்தா எதற்கோ பயந்துவிட்டார் என்று ஷம்னா புரிந்துகொண்டாள். அவன் தாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மூட்டைக்கு ஒண்ணும் ஆகலத்தா. நான் பிடிச்சுக்கிட்டேன்ல."

சாதிக் வாய்விட்டு அழுதான். ஜீப்பிலிருந்து இறங்கி வந்த பெண்களில் வயதான ஒருத்தி கண்ணாடியைத் தட்டி, புள்ளைக்கு ஒண்ணுமில்லையே சாமி என்று கேட்டாள். தலையை ஆட்டினான். அவள் ஷம்னாவையும் மூட்டையையும் அதன் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் தூக்குவாளித் தண்ணீரைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

காரை ஓரம் சேர்த்துவிட்டுப் பின் கதவைத் திறந்தான். சீட் கவரின் மடிப்புகளுக்குள் கையை விட்டுத் துழாவினான். கடலைத் தோல், உடைந்த கிரேயான், நாலைந்து ஏலக்காய், ஒற்றை ஹேர்பின் கிடைத்தன. பெல்ட் கிடைக்கவில்லை. கடைசியில் கவரின் தையலுக்கு அடியில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. மூட்டையைக் குத்திச் சரக்கு எடுத்துப் பார்க்கும் குத்தூசி டாஷ்போர்டில் இருந்தது. அதை எடுத்துவந்து கவரைக் குத்திக் கிழித்தான். அவன் ஆசை ஆசையாகத் தைத்துப் போட்ட கவர்தான். பெல்ட்டின் பூட்டு வெளியே வந்தபோது, கம்பெனியில் சுற்றிய பிளாஸ்டிக் இன்னும் அதன்மேல் இருந்தது. பல்லால் கடித்துப் பிய்த்தான்.

பெல்ட் கழுத்தில் உராயாமல் இருக்கத் தன் துண்டை நாலாக மடித்து அவளுக்கு அடியில் வைத்து உயர்த்தி, மாட்டினான். இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழுத்துப் பார்த்தான். வலிக்குதா என்று கேட்டான். மூட்டை மாமா மாதிரியே இருக்கேன் என்று அவள் சொன்னாள்.

"ஒரு செருப்பக் காணோம்த்தா."

கீழே தேடினான், கதவோரம் தேடினான். கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தான். சாவியைத் திருகினான். அவனும் பெல்ட் போட்டுக்கொள்ளும்வரை கார் கத்தியது.

விளக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது. செருப்பு முன்னால் இருந்தது. டாஷ்போர்டின் மேல், மூட்டைக்கு நேர் எதிரே, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தது. பூப்போட்ட சின்ன ரோஸ் செருப்பு. அது மோதிய இடத்தில் கண்ணாடியில் ஒரு மண்தடம். எடுக்கக் கையை நீட்டியவன், எடுக்கவில்லை.

முதல் கியரிலேயே இறங்கினான். பின்னால் ஷம்னா ஒவ்வொரு வளைவையும் உரக்க எண்ணிக்கொண்டு வந்தாள். டவர் இருந்த வளைவுகளில் எல்லாம் சீட்டுக்கு அடியில் போன் அடித்தது, அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. சமவெளியில் போடியின் விளக்குகள் ஒன்றிரண்டாக எரிய ஆரம்பித்திருந்தன. டாஷ்போர்டில் கிடந்த செருப்பின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, வெளியே நீளும் ரோட்டின்மேல், காருக்குச் சற்று முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. சாதிக் அதன் பின்னால் ஓட்டிக்கொண்டு போனான்.